சத்தமில்லாமல் துளையிடுவது

கள்ளக்குறிச்சியில் உளிச் சத்தம் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கும் சின்னசேலம் பக்கத்திலும் மரச் சிற்பப் பட்டறைகள் தலைமுறைகளாக இருக்கின்றன. மரத்தைக் கிடத்திக்கொண்டு கொட்டாப்புளியால் உளியைத் தட்டுகிற சத்தம் காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும் நேரம்வரை கேட்கும். 2021இல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று சலித்துக்கொள்வது உண்டு. ஆனால் அது என்ன வேலை என்று யாரும் குரலைத் தாழ்த்தி விசாரிப்பதில்லை.

நான் தட்டுவதும் உளியைத்தான். மரத்தில் அல்ல, தோலில். தோல் பையோ பெல்ட்டோ கையால் தைக்க வேண்டுமென்றால் முதலில் தையல் துளைகளைப் போட்டாக வேண்டும். தடித்த தோலில் ஊசி தானாக இறங்காது. இதற்குச் சீப்பு போல ஆறு பல் வைத்த எஃகு உளி ஒன்று கிடைக்கிறது. கடைக்காரர்கள் பஞ்ச் என்பார்கள். பல்லுக்குப் பல் 4 மில்லிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு முறையும் கடைசித் துளையில் முதல் பல்லை வைத்து அடுத்ததைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் கோடு கோணிவிடும். ஆகவே ஒரு தட்டலுக்குப் புதிதாகக் கிடைப்பது ஐந்து துளை. ஒரு மீட்டர் பெல்ட்டுக்கு இரு ஓரமும் சேர்த்து 500 துளை. அதாவது உளியை 100 இடத்தில் வைக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தோலாக இருந்தால் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று அடி. ஒரே ஒரு பெல்ட்டுக்கு இருநூறு முந்நூறு அடி.

இந்த வேலை எனக்குப் பெரும்பாலும் இரவில்தான் வாய்க்கும். ஏன் என்று பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது. ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்தைச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் கையில் மிஞ்சுவது சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய பிறகான நேரம். அந்த நேரத்தில் சுத்தியல் சத்தம் ஒரு தெரு தாண்டிக் கேட்கும்.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா வந்தார். "பகல்ல தட்டிக்கோம்மா. ராத்திரில தட்டினா மேல குழந்தை முழிச்சிக்குது" என்றார். நியாயமான பேச்சு. சரிம்மா என்றேன். போகத் திரும்பியவர், நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "அதுவும் இல்லாம, அது என்ன வேலைன்னு நாலு பேரு கேக்கறாங்க. தோல் வேலையாம்மா?"

இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் நான் பல நாட்களாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாவது காதைப் பற்றியது. இரண்டாவது காதைப் பற்றியதே இல்லை. அதில் உள்ளது நான் யார் என்ற விசாரணை. இரண்டும் ஒரே மூச்சில், ஒரே அம்மாவிடமிருந்து, ஒரே சத்தத்தைச் சாக்காக வைத்து வந்தன. எது எது என்று பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: இதே சத்தம், இதே நேரம், மரத்திலிருந்து வந்திருந்தால்? முதல் வாக்கியம் அப்படியே நிற்கும், ஏனென்றால் குழந்தைக்கு மரமும் தோலும் ஒன்றுதான். இரண்டாவது வாக்கியம் வாயிலேயே வந்திருக்காது.

முதல் வாக்கியத்துக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. திருவிழாக் குழாய் ஒலிபெருக்கிகளின் முன்னால் அந்த விதி என்ன பாடுபடுகிறது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் மேல்மாடிக் குழந்தையின் தூக்கத்துக்கு உரிமை உண்டு என்பதை மறுக்க நான் தயாரில்லை. உழைக்கிறவள் என்பதாலேயே என் சத்தத்துக்குப் புனிதம் வந்துவிடாது. அந்தக் குழந்தையைத் தூங்க வைக்க அரை மணி நேரம் தோளில் போட்டுத் தட்டியவளும் உழைக்கிறவள்தான்.

ஆக, சத்தமில்லாமல் துளையிட வழி தேடுவது எனக்குக் கடமை. சிக்கல் அதற்கடுத்துத்தான் வருகிறது. சத்தத்தை நிறுத்தினால் குழந்தை தூங்கும். கூடவே அந்த நாலு பேரின் கேள்வியும் தூங்கிப் போகும். நியாயமான கோரிக்கைக்கு நான் கொடுப்பதை அநியாயமான கோரிக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகிறது. ஒரு செயல் சரியாக இருந்து, அதனால் தவறான ஒன்றும் திருப்தியடையுமானால், அதைச் செய்யலாமா? பெண்களுக்கு இது புதிய சங்கடம் இல்லை. வெயிலுக்காக முக்காடு போட்டால் மாமியாருக்கு மகிழ்ச்சி. படிப்பதற்காக வீட்டோடு இருந்தால் அடக்கமான பெண் என்று பெயர். நம் காரணம் ஒன்று, நம்மீது எழுதப்படும் காரணம் வேறொன்று.

இதற்கு விடை யோசித்துக்கொண்டே கையை வேறு வேலையில் விட்டேன். அழுத்தும் கருவி ஒன்றைச் செய்யத் தொடங்கினேன்.

சுத்தியலின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. துளை போடுவதற்குச் சத்தம் தேவையே இல்லை. பற்களைத் தோலுக்குள் தள்ளப் போதுமான விசை இருந்தால் போதும். சுத்தியல் அந்த விசையை ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் திணித்துக் கொடுக்கிறது. அந்த அதிர்ச்சி உளி வழியாகத் தோல், பலகை, மேசை, மேசைக் கால், தரை, சுவர் என்று ஓடி வீடு முழுவதையும் கொட்டுகிறது. கீழ்வீட்டில் நான் அடித்தால் மேல்வீட்டுத் தரை பேசுகிறது. அதே விசையை இரண்டு நொடியில் மெதுவாகக் கொடுத்தால் துளை அதே துளைதான். கொட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

இதை எந்தப் பொறியியல் புத்தகத்திலும் நான் படிக்க வேண்டியிருக்கவில்லை. கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சேலத்துச் சமையலறைகளில் சந்தகை பிழிகிற மூன்றுகால் இரும்பு அச்சைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். வெந்த மாவு கெட்டியாக இருக்கும். கையால் தள்ளினால் நகராது. நீண்ட கைப்பிடியைப் பிடித்து அமுக்கினால் நூல் நூலாக இறங்கும். இடிப்பது வேறு, அரைப்பது வேறு, பிழிவது வேறு என்பது உரலும் அம்மியும் அச்சும் புழங்கிய பெண்களின் கைக்குத் தெரியும். அந்த அறிவைச் சமையல் என்ற சொல்லுக்குள் அடைத்துவிட்டதால் அதை யாரும் இயந்திரவியல் என்று சொல்வதில்லை. வெல்டிங் பட்டறையில் என் படத்தைக் காட்டியபோது அந்த அண்ணன், "என்னாம்மா, சேவை பிழியறதுக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். கிட்டத்தட்ட அதுதான் அண்ணே என்றேன். அதன்பிறகு அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செய்தது இதுதான். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடியில் 10 மில்லிமீட்டர் கனத் தகடு. அதன் பின்பக்கம் இரண்டு ஆங்கிள் இரும்பை நிமிர்த்தி வெல்டிங் செய்து, மேலே முன்னோக்கி நீட்டிய கையில் ஒரு சதுரக் குழாயைச் செங்குத்தாகப் பற்றவைத்தோம். அந்தக் குழாய்க்குள் 20 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மேலும் கீழும் ஓடும். அதன் கீழ்முனையில்தான் பஞ்ச் பொருத்தப்படுகிறது. வட்டக் குழாயும் வட்டக் கம்பியும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வேண்டாம். வட்டக் கம்பி திரும்பிக்கொள்ளும். ஆறு பல்லும் ஒரே கோட்டில் நிற்காது. சதுரக் குழாயில் ஒரு தொல்லை உண்டு. உள்ளே நெடுக வெல்டிங் தழும்பு ஓடும், அது கம்பியைப் பிடித்துக்கொள்ளும். நீள அரம் போட்டு அதைத் தேய்த்து எடுக்க எனக்கு இரண்டு மாலை பிடித்தது.

மேலே நெம்புகோல். 60 சென்டிமீட்டர் நீளப் பட்டை இரும்பு. பின்முனையில் ஒரு போல்ட்டில் அது சுழலும்; அந்த போல்ட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிக் கம்பியைப் பிடிக்கும். கணக்கு எளிது: அறுபதை ஐந்தால் வகுத்தால் பன்னிரண்டு. கைப்பிடியில் 15 கிலோ அழுத்தினால் பற்களின்மேல் 180 கிலோ. உராய்வுக்குக் கொஞ்சம் போகும், மீதியே தாராளம். நெம்புகோல் வளைகோட்டில் இறங்கும், கம்பியோ நேர்கோட்டில் இறங்க வேண்டும். அதனால் இரண்டையும் சேர்க்கும் ஊசி நகர்வதற்கு நெம்புகோலில் வட்டத் துளை போடாமல் நீள்துளை போட வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் கம்பி குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. சுத்தியலில் விசை முழுவதும் மேசைக்கும் தரைக்கும் போகிறது. இந்தச் சட்டத்தில், 180 கிலோவும் மேலிருந்து தோலை அழுத்தி, அடித்தகடு வழியாகப் பின்தூணில் ஏறி, மறுபடி மேலே வந்து சட்டத்துக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது. மேசைக்குத் தெரிவது என் கையின் 15 கிலோ மட்டும். முன்னால் கவிழாமலிருக்க மேசையோடு இரண்டு போல்ட் போட்டு முடுக்கினால் போதும்.

முதல் நாள் அழுத்தியபோது பற்கள் அழகாக இறங்கின. ஏறத்தான் மாட்டோம் என்றன. நெம்புகோலைத் தூக்கினால் தோலும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. கையால் தட்டும்போது உளியை லேசாக ஆட்டி எடுத்துவிடுவோம். இயந்திரத்துக்கு அந்த ஆட்டம் தெரியாது. தோலைக் கீழே பிடித்துவைக்க, பற்களுக்கு இருபுறமும் வருகிற மாதிரி கவட்டை வடிவத் தகடு ஒன்றை வைத்ததும் சரியாயிற்று. பல்லில் அவ்வப்போது தேன்மெழுகு தடவ வேண்டும். அடியில் காய்கறி வெட்டும் தடித்த நைலான் பலகை. கம்பியை மேலே தூக்கிவிட மொபெட் ஸ்டாண்ட் ஸ்பிரிங் ஒன்று. அது போய் இடிக்கும்போது 'டக்' என்றது, சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியபின் அதுவும் இல்லை. இப்போது கேட்பது கொய்யாக்காயைக் கடிக்கிற மாதிரி ஒரு 'நறுக்' மட்டும். ஒன்றை மறக்கக் கூடாது: சுத்தியல் விரலை நசுக்கும், இது விரலை ஊடுருவும். இடதுகையைப் பலகைக்கு வெளியே வைத்த பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும்.

குழந்தை தூங்குகிறது. எனக்கும் மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது. இனி மற்றக் கேள்விக்கு வருகிறேன்.

கருவியைப் பார்க்க வந்த தோழி ஒருத்தி கொஞ்ச நேரம் அதை இயக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தோலை ஊமையாக்கிட்டியே." வேடிக்கையாகச் சொல்லவில்லை. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை எடுத்துத் தோளில் மாட்டி, ஆண்கள் மட்டுமே அடித்துவந்த, இழிவு என்று ஊர் ஒதுக்கிவைத்த அந்தத் தோலிசையைத் தெருவின் நடுவில் நின்று அடித்தார்கள். சாவுக்கு அடி என்று கட்டளையிடப்பட்ட சத்தத்தைத் தங்கள் சத்தமாக்கினார்கள். அவர்கள் சத்தத்தைக் கூட்டினார்கள், நீ குறைக்கிறாயே என்பது அவள் கேள்வி.

பறை கேட்கப்படுவதற்காக அடிக்கப்படுகிறது. தையல் துளை கேட்கப்படுவதற்காகப் போடப்படுவதில்லை. அதன் சத்தம் வேலையின் கழிவு, அடுப்பிலிருந்து வரும் புகை மாதிரி. புகையைக் குறைப்பதால் சமையல் குறைவதில்லை. இப்படித்தான் அவளிடம் சொன்னேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு பங்கு மிச்சமிருப்பது எனக்குத் தெரிந்தது. எந்தச் சத்தம் கழிவு, எந்தச் சத்தம் இசை என்பதை இந்த ஊரில் காது முடிவு செய்வதில்லை. உலக்கைச் சத்தத்தை ஊர் இசையாகவே கேட்டது. நெல் குற்றும் பெண்கள் பாடிய பாட்டுக்கு வள்ளை என்று இலக்கியத்தில் பெயர்கூட உண்டு. தையல் மிஷின் கடகடத்தால் 'அந்தப் பொண்ணு சொந்தக் கால்ல நிக்குது' என்பார்கள். அரசே தையல் இயந்திரத்தை இலவசமாகக் கொடுக்கிறது, அதுவும் தலித் பெண் தலைவர் சத்தியவாணிமுத்து அம்மையாரின் பெயரிலான திட்டத்தில். துணியில் ஓடும் ஊசிக்கு மதிப்பு, தோலில் இறங்கும் ஊசிக்கு விசாரணை.

அமைதியாக இருந்தால் அந்த விசாரணை வராதா என்றால், வரும். என் தாத்தா கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் செருப்பும், கவலை இறைக்கும் தோல் வாலும் தைத்தவர். அவர் துளை போட்டது குத்தூசியால், ஒவ்வொன்றாக. குத்தூசிக்குச் சத்தமே கிடையாது. இன்று நான் பட்டறைக்குப் போய், கணக்குப் போட்டு, அரம் தேய்த்து அடைந்த அமைதி அவர் கையில் இயல்பாகவே இருந்தது. அதனால் அவருக்கு என்ன கிடைத்தது? ஊருக்கு வெளியே வீடு. களத்துமேட்டில் கடைசியாக அளக்கப்பட்ட படி. தான் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு போக முடியாத தெருக்கள். பாட்டி தோலை ஊறவைத்தார், சுரண்டினார், ஆவாரம் பட்டை இடித்தார், சுமந்தார். அவரைக் கேட்டால் 'தாத்தாவுக்குக் கூடமாட ஒத்தாசை' என்பார். அவர்கள் இருவரும் சத்தம் போட்டதால் ஒதுக்கப்படவில்லை. ஆகவே நான் சத்தத்தை நிறுத்துவதால் சேர்த்துக்கொள்ளப்படப் போவதும் இல்லை. இது தெளிவானபோது எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. அமைதி அந்த நாலு பேரிடம் எனக்கு எதையும் வாங்கித் தராது என்றால், அதை அவர்களுக்காகச் செய்தேனோ என்று நான் என்னையே சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் மறைவது என்ற ஆபத்து இருக்கிறது. சத்தமில்லாத வேலை எவ்வளவு எளிதாக வேலையே இல்லை என்று ஆகிவிடும் என்பதற்கு நாம் ஆம்பூர் வரை போனால் போதும். அங்கே ஏற்றுமதி ஷூக்களின் மேல்தோலைக் கையால் தைக்கிற வேலையை ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுத் திண்ணையில் செய்கிறார்கள். துளைகள் தொழிற்சாலையிலேயே போடப்பட்டு வரும். ஊசியும் நூலும் மட்டும் இவர்களுடையது. அந்த வேலைக்கு ஒலியே கிடையாது. 2016இல் பெங்களூரு சிவிடெப்பும் பிரிட்டன் அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வறிக்கை, கடையில் 40 முதல் 100 பவுண்டு வரை விற்கும் ஷூவுக்கு, ஒரு ஜோடி தைக்க இந்தப் பெண்களுக்குக் கிடைப்பது பத்து பென்ஸுக்கும் குறைவு என்றது. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. தொழிற்சாலைக்குச் சங்கு உண்டு, வாயிற்கதவு உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. திண்ணைக்கு எதுவும் இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கும் ஷூ வருகிறது. தைவானின் போ சென் குழுமம் 2,302 கோடி ரூபாயில், 20,000 பேருக்கு வேலை என்று 2023இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. இடம் உளுந்தூர்பேட்டை சிப்காட். அங்கே தோல் கிடையாது, விளையாட்டுக் காலணிதான். போகிற பெண்களுக்கு நல்லது நடக்கட்டும். கூடவே, அந்தச் சுவருக்கு வெளியே எத்தனை திண்ணைகளுக்கு வேலை கசியும் என்பதையும் யாராவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

எண்ணாமல் விடப்படுவது திண்ணையில் மட்டும் நடப்பதில்லை, அதற்கு முன்னாலேயே, மலையில் தொடங்குகிறது. நான் வாங்குவது பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல். குரோம் தோல் இழுபடும், துளை சுருங்கிக்கொள்ளும். இந்தத் தோலில் துளை வெட்டியது வெட்டியபடி நிற்கும். அப்படி நிற்க வைப்பது மரப்பட்டையிலும் காயிலும் இருக்கிற துவர்ப்பு. கல்வராயன் மலையில் கடுக்காய் மரங்களின் கீழே குனிந்து குனிந்து பொறுக்கிக் கூடையில் சேர்ப்பதில் மலையாளிப் பழங்குடிப் பெண்களின் கை பெரிது. காட்டில் காய் விழுகிற சத்தம், பொறுக்குகிற சத்தம், இரண்டும் யாருக்கும் கேட்காது. அதற்கு விலை உண்டு, எடைக்கு. குனிந்த நேரத்துக்கு விலை இல்லை. என் கையில் இருக்கும் பெல்ட்டில் எத்தனை பேருடைய சத்தமில்லாத வேலை சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், நான் புதிதாக ஓர் ஓசையற்ற வேலையைக் கூட்டுவது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அதனால் நான் செய்தவை இரண்டு. வாசலில் ஒரு பலகை மாட்டினேன்: 'கையால் செய்த தோல் பைகள், பெல்ட்டுகள் இங்கே கிடைக்கும்.' தோல் என்ற சொல் பெரிய எழுத்தில். குழந்தையின் தூக்கத்துக்கு நெம்புகோல், நாலு பேரின் கேள்விக்குப் பலகை. இரண்டு கோரிக்கைக்கும் ஒரே பதிலைக் கொடுத்தால்தானே குழப்பம். வீட்டுக்கார அம்மா பலகையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வாடகை வாங்க இப்போது மகனை அனுப்புகிறார். இதை நான் வெற்றி என்றோ தோல்வி என்றோ எழுதமாட்டேன். அவரும் அந்த நாலு பேரின் நடுவில் வாழ வேண்டியவர். ஆனால் எனக்கும் அவருக்கும் அந்த நாலு பேர் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

இரண்டாவது, பில். சென்னையிலிருந்து வழக்கமாகப் பை எடுக்கும் ஒருவர் கருவியின் படத்தைப் பார்த்துவிட்டு, "அதான் மிஷின் வச்சிட்டீங்களே மேடம், ரேட்டைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றார். என் பணத்தில், என் இரண்டு மாலை அரத்தில் செய்த கருவி அவருக்குத் தள்ளுபடியாகத் தெரிந்திருக்கிறது. சத்தம் போனதும் உழைப்பும் போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ. நெம்புகோலை அழுத்துவது கைதான், 15 கிலோ, நூறு முறை. அன்றிலிருந்து சட்டத்தின் தூணில் ஒரு சின்ன நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். உட்கார்ந்த நேரமும் எழுந்த நேரமும் அதில் ஏறும். முன்பெல்லாம் பில்லில் தோல், நூல், பக்கிள், தையல் கூலி என்று நான்கு வரி இருக்கும். இப்போது தையல் கூலிக்கு மேலே ஒரு வரி கூடியிருக்கிறது: துளையிடுதல், 500, இரவு 10.15 முதல் 11.30 வரை.